பெட்டியில் 6000, ஓடியது 4800

2024 தீபாவளிக்கு மதுரைக்குப் போயிருந்தேன். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, அதற்குள் அக்கா மகன் என்னை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனான். "மாமா, நீங்க சொன்ன ராம்தான் போட்டிருக்கு. ஆனா புகை குண்டு விழுந்தா கேம் திக்குது, பாருங்க" என்றான். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஓடிக்கொண்டிருந்தது. திரையின் மூலையில் தெரிந்த ஃப்ரேம் எண்ணிக்கை (வினாடிக்கு எத்தனை படம் என்பது) நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாலைந்து பேர் ஒரே இடத்தில் மோதும்போது படம் ஒரு கணம் நின்று, பிறகு தாவியது. 'திக்குது' என்று அவன் சொன்னது சரியான சொல்.

அந்தக் கணினியை ஜூலையில் வாங்கியிருந்தார்கள். அவன் பொறியியல் சேர்ந்ததற்காக மச்சான் வாங்கிக் கொடுத்தது. ரைசன் 5 7600 ப்ராசஸர், பி650 மதர்போர்டு, ஆர்டிஎக்ஸ் 4060, 1080பி மானிட்டர். பாகங்களை எல்லாம் சென்னையிலிருந்து போனில் நான்தான் சொன்னேன். ராம் (ஓடும் நிரல்களின் தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி) விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன்: 16 ஜிபி ஸ்டிக் இரண்டு, டிடிஆர்5-6000, சிஎல்30. 6000 என்பது வேகம்; சிஎல் என்பது பதில் தரும் தாமதம். கடையில் 5200 சிஎல்40 கையிருப்பில் இருந்தது, அதையே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வேண்டாம், காசு கூடப் போனாலும் 6000 சிஎல்30-ஐ வரவழைத்துப் போடச் சொல்லுங்கள் என்று மச்சானிடம் சொன்னேன். அவரும் மறுபேச்சில்லாமல் கொடுத்தார்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்தைப் பார்த்தேன். வேகம் 4800 என்று காட்டியது. நான்கு மாதமாக அந்தக் கூடுதல் காசு சும்மா கிடந்திருக்கிறது.

கடையில் கணினியைப் பூட்டிக் கொடுத்தவர்கள் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டு அமைப்புப் பக்கத்தில், எக்ஸ்போ என்ற ராம் வேக அமைப்பை இயக்கவில்லை. அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதை வாங்க வேண்டும் என்று அத்தனை விவரமாகச் சொன்ன நான், வாங்கிய பிறகு எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெட்டியில் அச்சடித்திருக்கும் வேகம் தானாக வருவதில்லை. மாட்டியவுடன் ராம் தன்னுடைய பாதுகாப்பான அடிப்படை வேகத்தில்தான் ஓடும். 6000 என்று விற்கும் பல ஸ்டிக்குகளுக்கு அது 4800. டிடிஆர்4-இல் 3600 என்று வாங்கியது 2133 அல்லது 2400-இல் ஓடும். பெட்டியில் போட்ட வேகமும் டைமிங்கும் (சிஎல் போன்ற தாமத எண்கள்) வோல்டேஜும் ஸ்டிக்குக்குள்ளேயே ஒரு புரொஃபைலாகப் பதிந்திருக்கும். பயாஸில் போய் அதை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்டெல் அதற்கு வைத்த பெயர் எக்ஸ்எம்பி. 2022-இல் ரைசன் 7000 வரிசையோடு ஏஎம்டி கொண்டுவந்தது எக்ஸ்போ.

சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளையும் ஓட்டிப் பார்த்தேன். அதில் இன்னொரு தவறு தெரிந்தது. சேனல் (ராமுக்கும் ப்ராசஸருக்கும் இடையிலான தகவல் பாதை) என்ற இடத்தில், இரண்டு பாதையும் ஓடினால் 4 x 32 பிட் என்று இருக்க வேண்டும், 2 x 32 என்று இருந்தது. பக்கவாட்டுக் கதவைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு ஸ்டிக்கும் ஒட்டி ஒட்டி, ஒரே சேனலில் உட்கார்ந்திருந்தன. நான்கு இடமுள்ள போர்டுகளில் பொதுவாக ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடங்களில் மாட்ட வேண்டும். போர்டின் கையேட்டில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். 'நான்கில் இரண்டு பயன்பாட்டில்' என்று டாஸ்க் மேனேஜர் சொல்வதை வைத்து இரட்டைச் சேனல் ஓடுகிறது என்று நம்பிவிடக் கூடாது. எந்த இரண்டு என்று அது சொல்லாது.

இரண்டையும் ஒரே நேரத்தில் சரிசெய்யாமல் ஒவ்வொன்றாக மாற்றினேன். எது எவ்வளவு உதவியது என்று அப்போதுதான் தெரியும். முதலில் ஸ்டிக்குகளை இடம் மாற்றி, ஒரே வரைபடத்தில் பாட்களோடு (கணினியே ஆட்டும் எதிரிகளோடு) ஐந்து நிமிடம் ஆடச் சொன்னேன். திக்கல் பாதி போய்விட்டது. பிறகு பயாஸில் எக்ஸ்போவை இயக்கி, சேமித்துவிட்டு வெளியே வந்தேன்.

திரை இருண்டது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஒன்றும் வரவில்லை. போர்டில் டிராம் என்று எழுதியிருந்த இடத்தில் சின்ன ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவன் முகம் வெளுத்துவிட்டது. "போச்சா மாமா?" என்று கேட்டான். "போகலடா, பொறு" என்றேன். கரண்ட் போய்விடக் கூடாதே என்பதுதான் என் கவலை. டிடிஆர்5-இல் வேகத்தை மாற்றினால், ராமோடு பேசும் மெமரி கன்ட்ரோலர் ஒவ்வொரு ஸ்டிக்கோடும் சமிக்ஞைகளைப் பொருத்திப் பார்த்துப் பழகிக்கொள்ளும். அதற்கு மெமரி டிரெயினிங் என்று பெயர். ரைசன் 7000 மாட்டும் ஏஎம்5 போர்டுகளில் முதல் முறை இது பல நிமிடம் பிடிக்கும். இந்த இருட்டைப் பார்த்துப் பயந்து பவர் பட்டனை அழுத்தி, மறுபடி மறுபடி முதலிலிருந்து தொடங்க வைப்பவர்கள் நிறையப் பேர். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்தும் வராவிட்டால் மட்டும் சிமாஸ் (பயாஸ் அமைப்புகள் சேமித்திருக்கும் இடம்) அழித்துப் பழைய நிலைக்குப் போகலாம். எங்களுக்கு ஐந்தாவது நிமிடத்தில் வந்துவிட்டது. அதற்குள் கீழேயிருந்து அக்கா சாப்பிடக் கூப்பிட்டு இரண்டு முறை குரல் கொடுத்துவிட்டாள்.

டாஸ்க் மேனேஜர் 6000 காட்டியது. புகை குண்டு விழுந்தது, படம் திக்கவில்லை. சராசரி ஃப்ரேம் கொஞ்சம்தான் ஏறியது. ஏறியது முக்கியமாக 1 சதவீத லோ, அதாவது மிக மோசமான தருணங்களில் கிடைக்கும் ஃப்ரேம் வேகம். கேம்களில் ராம் செய்யும் வேலை பெரும்பாலும் அங்கேதான் தெரியும். சராசரியை மட்டும் பார்த்துவிட்டு 'ராம் வேகத்தால் ஒன்றும் இல்லை' என்று சொல்கிறவர்கள், விளையாடும்போது கை உணர்வதை அளக்கத் தவறுகிறார்கள்.

அதே கணினியில் சைபர்பங்க் 2077-ஐ எல்லா அமைப்பையும் ஏற்றி வைத்துப் பார்த்தபோது 4800-க்கும் 6000-க்கும் எங்கள் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. கிராபிக்ஸ் கார்டு 99 சதவீதத்தில் திணறிக்கொண்டிருந்தது. ராம் எவ்வளவு சீக்கிரம் கொடுத்தாலும் கார்டு வாங்கிக்கொள்ளும் நிலையில் இல்லை. அதனால் ராமுக்குக் காசு செலவழிக்கும் முன் உங்கள் கேமில் கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு எவ்வளவு என்று பாருங்கள். எப்போதும் 97, 98-க்கு மேல் நின்றால் அந்தக் காசு கார்டுக்குப் போக வேண்டியது. 70, 80-இல் நின்றுகொண்டு கேம் திக்கினால் ப்ராசஸரும் ராமும் கவனிக்கப்பட வேண்டியவை.

சரி, 5200 சிஎல்40-ஐ ஏன் மறுத்தேன் என்று மச்சான் அன்று இரவு கேட்டார். அவர் மருந்துக் கடை வைத்திருக்கிறார். அவருக்கு அவர் கடையை வைத்தே சொன்னேன்.

ராமுக்குள் தகவல் வரிசை வரிசையாக, மருந்துக் கடை இழுப்பறைகள் மாதிரி அடுக்கியிருக்கிறது. ஒரு மாத்திரை வேண்டுமென்றால் முதலில் சரியான இழுப்பறையை இழுக்க வேண்டும். அந்த நேரம் டிஆர்சிடி. இழுத்த பிறகு உள்ளேயிருந்து அந்த அட்டையை எடுத்துக் கையில் கொடுக்கும் நேரம் சிஎல். அடுத்து வேறு இழுப்பறை வேண்டுமென்றால் இதை மூடியாக வேண்டும், அது டிஆர்பி. ஒரு இழுப்பறை குறைந்தது எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பது டிஆர்ஏஎஸ். பெட்டியில் 30-36-36-76 என்கிற மாதிரி வரிசையாகப் போட்டிருப்பது இந்த நான்கும்தான். கேட்டது ஏற்கெனவே திறந்திருக்கும் இழுப்பறையில் இருந்தால் சிஎல் மட்டும் போதும். இல்லாவிட்டால் மூடி, திறந்து, எடுத்து என்று மூன்றும் சேரும். சிஎல் எண் நன்றாக இருந்து, அடுத்த இரண்டு எண்களும் மோசமாக இருக்கும் ஸ்டிக்குகள் உண்டு. முதல் எண்ணோடு நிறுத்தாமல் நான்கையும் படிக்க வேண்டும்.

இந்த எண்கள் எல்லாம் கடிகாரத் துடிப்புகளின் எண்ணிக்கை, நேரம் அல்ல. துடிப்பு ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்பதை வேகம் தீர்மானிக்கிறது. டிடிஆர் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தகவல் அனுப்புவதால் 6000 என்றால் உண்மையான கடிகாரம் 3000 மெகாஹெர்ட்ஸ். சிபியு-இசட்டில் 3000 என்று பார்த்துவிட்டுப் பாதி வேகம்தான் ஓடுகிறது என்று பதறுகிறவர்களுக்கு இதுதான் பதில். நேரத்தைக் கண்டுபிடிக்கச் சின்னக் கணக்கு: சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி, வேகத்தால் வகுக்க வேண்டும். விடை நானோசெகண்டில் வரும். 6000 சிஎல்30-க்கு 10. 6000 சிஎல்36-க்கு 12. 5200 சிஎல்40-க்கு 15.4. அவன் நான்கு மாதம் ஓட்டிய 4800 சிஎல்40-க்கு 16.7.

பழைய டிடிஆர்4-3200 சிஎல்16-க்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள், அதே 10 வரும். 3600 சிஎல்18-க்கும் 10. டிடிஆர்5 என்ற பெயரில் 4800 சிஎல்40 வாங்கினால் அகலம், அதாவது ஒரு வினாடியில் கடத்தும் தகவலின் அளவு, கிடைக்கும்; விரைவான பதில் கிடைக்காது. டிடிஆர்4-3200 இரண்டு ஸ்டிக் வினாடிக்கு 51.2 ஜிபி தரும் என்றால் டிடிஆர்5-6000 இரண்டு ஸ்டிக் 96 ஜிபி தரும். கேம்களுக்கு இரண்டும் வேண்டும். அதிலும் சின்னச் சின்னத் தகவலை அடிக்கடி கேட்கிற கேம்களுக்குப் பதில் வரும் நேரம் முக்கியம்.

ஆனால் இந்தக் கணக்கைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. ப்ராசஸர் கேட்டு, கன்ட்ரோலர் வழியாகப் போய், தகவல் திரும்பி வரும் முழுப் பயணம் இந்த ரைசன்களில் 70, 80 நானோசெகண்ட் அளவில் இருக்கும். அதில் சிஎல்30-க்கும் சிஎல்36-க்கும் உள்ள 2 நானோசெகண்ட் சிறிய பங்கு. விலை வித்தியாசம் சில நூறு ரூபாய் என்றால் சிஎல்30 எடுப்பேன். ஆயிரக்கணக்கில் என்றால் சிஎல்36-ஐ எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பேன். 2025 இறுதியில் ஏஐ டேட்டா சென்டர்களுக்கான தேவையால் ராம் விலை தாறுமாறாக ஏறிய பிறகு, கேட்கிறவர்களுக்கு நான் சிஎல்36-ஐத்தான் சொல்கிறேன். ஒற்றை ஸ்டிக்கை மட்டும் எந்த விலையிலும் சொல்வதில்லை.

6000-ஐத் தாண்டி 7200, 7600 என்று விற்கிறார்களே, அதை ஏன் எடுக்கவில்லை என்பது மருமகனின் கேள்வி. ஏஎம்5-இல் ப்ராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் ராமின் கடிகாரத்தோடு ஒன்றுக்கு ஒன்று ஓட வேண்டும். 6000-க்கு அது 3000 மெகாஹெர்ட்ஸ். பெரும்பாலான ரைசன் 7000 ப்ராசஸர்கள் இதை எளிதாகத் தாங்கும். 6400 வரை சில தாங்கும். அதற்கு மேல் போனால் கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும், வேகமான ராம் வாங்கியும் பதில் தாமதமாக வரும். ஏஎம்டியே 6000-ஐத்தான் உகந்த இடம் என்று சொன்னது. முந்தைய ரைசன் 5000-இல் இதே எல்லை 3600 பக்கம். இன்டெல்லில் ஒன்றுக்கு ஒன்று ஓடுவதற்கு கியர் 1, பாதி வேகத்தில் ஓடுவதற்கு கியர் 2 என்று பெயர்.

போர்டையும் பார்க்க வேண்டும். என் அலுவலக நண்பர் ஒருவர் இன்டெல் ஐ5-12400எஃப் ப்ராசஸருக்கு எச்610 சிப்செட் போர்டு வாங்கிவிட்டு, ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடி அலைந்து டிடிஆர்4-3600 வாங்கி வந்தார். அந்த சிப்செட்டில் மெமரியை 3200-க்கு மேல் ஏற்ற வழியே கிடையாது. திரும்பக் கொண்டுபோனால் கடையில் மாற்றித் தரவில்லை. முதலிலேயே 3200 சிஎல்16 எடுத்திருந்தால் காசும் மிச்சம், பதில் நேரமும் அதே 10. இன்னொருவர் ரைசனில் இருந்த இரண்டு ஸ்டிக்கோடு மேலும் இரண்டு வாங்கி மாட்டினார். நான்கு ஸ்டிக் போட்டால் ரைசன் 7000-க்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாக உறுதி தருவது வெறும் 3600. இரண்டு போட்டால் 5200. அதற்கு மேல் ஓடுவதெல்லாம் ஓவர்கிளாக்தான், எக்ஸ்போவும் அதில் சேர்த்தி. அவருக்கு 6000-இல் விண்டோஸே ஏறவில்லை. 32 ஜிபி வேண்டுமானால் 16-இல் இரண்டு, 64 வேண்டுமானால் 32-இல் இரண்டு, ஒரே பெட்டியில் சேர்த்து விற்பதாக வாங்குங்கள்.

கிராபிக்ஸ் கார்டே இல்லாமல் 5600ஜி, 8600ஜி மாதிரி ப்ராசஸரில் விளையாடுகிறவர்களுக்கு ராம் வேகம் மற்ற எல்லாரையும்விட முக்கியம். அவர்களுடைய கிராபிக்ஸ் மெமரியே இந்த ராம்தான். 7800எக்ஸ்3டி போல ப்ராசஸருக்குள்ளேயே 96 எம்பி எல்3 கேஷ் (சிறிய அதிவேக மெமரி) உள்ளவற்றுக்கு அந்த அளவு முக்கியமில்லை. தேவையானது பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும்.

இனி நான் செய்த தவறுக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

2025 பொங்கலுக்குப் போனபோது எக்ஸ்போவோடு நிறுத்தாமல் உள்டைமிங்குகளிலும் (பெட்டியில் போடாத மற்ற தாமத எண்கள்) கை வைத்தேன். ராமில் ஒவ்வொரு பிட்டும் நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாக இருக்கிறது. அது கசிந்துகொண்டே இருக்கும். அதனால் கன்ட்ரோலர் அடிக்கடி வேலையை நிறுத்திவிட்டு மின்னூட்டத்தைப் புதுப்பிக்கும். டிடிஆர்5-இல் வழக்கமாக 3.9 மைக்ரோசெகண்டுக்கு ஒரு முறை. இந்த இடைவெளிக்கு டிஆர்இஎஃப்ஐ என்று பெயர். இடைவெளியை நீட்டினால் நிறுத்தங்கள் குறையும், வேகம் கூடும். நான் அதை உச்ச அளவான 65535 துடிப்புகளுக்கு ஏற்றினேன். 3000 மெகாஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 21.8 மைக்ரோசெகண்ட். ராமைச் சோதிக்கும் டெஸ்ட்மெம்5-ஐ இரவு முழுக்க ஓட்டினேன், ஒரு பிழை வரவில்லை. கேமும் இன்னும் மிருதுவாக ஓடியது. சந்தோஷமாகச் சென்னைக்கு வண்டி ஏறினேன்.

மே மாதம் அக்கினி நட்சத்திரத்தில் போன் வந்தது. "மாமா, ஸ்டீம்ல கேம் டவுன்லோட் பண்ணா ஃபைல் கெட்டுப்போச்சுன்னு வருது. சரிபார்க்கச் சொன்னா ஒவ்வொரு தடவையும் வேற வேற ஃபைல் கெட்டிருக்குங்குது. மத்தியானம் கேம் தானா மூடிக்குது, ராத்திரி ஒழுங்கா ஓடுது" என்றான். மத்தியானம், ராத்திரி என்று சொன்னதுமே எனக்குப் புரிந்துவிட்டது. எச்டபிள்யுஇன்ஃபோவில் ராமின் வெப்பநிலையைப் பார்க்கச் சொன்னேன். மொட்டை மாடிக்கு அடியில் இருக்கும் அறை, ஏசி கிடையாது. விளையாடும்போது கிராபிக்ஸ் கார்டின் அனலும் சேர்ந்து ஸ்டிக்குகள் 60 டிகிரியைத் தாண்டியிருந்தன. சூடு ஏற ஏற மின்னூட்டம் வேகமாகக் கசியும். தை மாதக் குளிரில் தாங்கிய இடைவெளியை மே மாத வெயில் தாங்கவில்லை.

கேம் போனால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். அவன் ஒரு செமஸ்டர் முழுக்கச் செய்த ப்ராஜெக்டை ஜிப் செய்து வைத்திருந்தான், அது திறக்கவில்லை. ராமில் புரண்ட ஒரு பிட் ஃபைலுக்குள் எழுதப்பட்டுவிட்டால் பிறகு எதுவும் அதைக் காட்டிக் கொடுக்காது, திறக்கும் நாளில்தான் தெரியும். டிடிஆர்5-இல் சிப்புக்குள்ளேயே பிழை திருத்தும் ஈசிசி இருக்கிறதே என்று நானும் கொஞ்சம் அசட்டையாக இருந்தேன். அது சிப்புக்குள் நிகழும் சில ஒற்றைப் பிட் பிழைகளை மட்டும் திருத்தும். சர்வர்களில் இருக்கும் முழுமையான ஈசிசி வேறு. நல்லவேளை, ப்ராஜெக்டின் ஒரு பிரதி அவன் நண்பனிடம் இருந்தது. அவன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் வலித்தது.

டிஆர்இஎஃப்ஐ-ஐ ஆட்டோவுக்கு மாற்றச் சொன்னேன். மற்ற உள்டைமிங்குகளையும் தொடாமல் விட்டு, எக்ஸ்போ கொடுத்த எண்களோடு நிறுத்திக்கொண்டோம். அதன் பிறகு நானே நேரில் போய்ச் சோதித்தேன். இம்முறை மதியம் இரண்டு மணிக்கு, கதவைச் சாத்தி, ஒரு பக்கம் ஃபர்மார்க்கில் கிராபிக்ஸ் கார்டைச் சூடாக்கிக்கொண்டே மறுபக்கம் டெஸ்ட்மெம்5. அதில் மூன்று மணி நேரம் பிழையில்லாமல் ஓடிய பிறகுதான் அந்தக் கணினியை நம்பினேன். நம் ஊரில் ராமைச் சோதிப்பதென்றால் அந்தக் கணினி படப்போகும் மிக மோசமான வெப்பத்தில் சோதிக்க வேண்டும். இரவில் சோதித்துவிட்டுப் பகலில் விளையாடினால் அது சோதனையாகாது. கேபினெட்டின் முன்பக்கம் ஒரு விசிறியும் கூடுதலாக மாட்டினோம், ராம் ஐந்தாறு டிகிரி இறங்கியது.

எக்ஸ்போவை இயக்கும் முன் பயாஸைப் புதுப்பித்துக்கொள்வதும் அவசியம். 2023 ஏப்ரலில் சில ரைசன் 7000 எக்ஸ்3டி ப்ராசஸர்கள் எரிந்துபோன செய்திகள் வந்தன. அதன் பிறகு ஏஎம்டி, எக்ஸ்போவோடு ஏறக்கூடிய எஸ்ஓசி வோல்டேஜ் (மெமரி கன்ட்ரோலர் பகுதிக்குப் போவது) 1.3 வோல்ட்டைத் தாண்டாதபடி பயாஸ் புதுப்பிப்பு மூலம் வரம்பு வைத்தது. கடையில் நாள்பட்டுக் கிடந்த போர்டு என்றால் பழைய பயாஸோடுதான் வரும்.

போன மாதம் அவன் அனுப்பிய செய்தி இது: "மாமா, பயாஸ் அப்டேட் பண்ணேன். மறுபடி 4800-க்குப் போயிடுச்சு. பாத்துட்டேன். எக்ஸ்போ போட்டு, அஞ்சு நிமிஷம் கறுப்பா இருந்துச்சு, தொடாம உக்காந்திருந்தேன். 6000 வந்துருச்சு. இன்னைக்கு மத்தியானம் டெஸ்ட் ஓட்டப் போறேன்."